இமையில் திரும்பத் திரும்ப வந்த கட்டி: கோத்தகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் அவர் குடும்பத்தாரும் சம்மதம் தந்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கட்டி

47 வயதுப் பெண். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார். இடது கண் மேல் இமையில் பதினான்கு மாதமாக ஒரு கட்டி. வலி இல்லை, சீழ் இல்லை, பார்வையிலும் பெரிய குறை இல்லை. கண் உறுத்துகிறது, காலையில் பீளை கட்டுகிறது, அவ்வளவுதான் என்றார். செடி குச்சி பட்டிருக்கும் என்றும், விறகடுப்புப் புகையால் இருக்கும் என்றும் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள்.

இதற்கு முன் இரண்டு முறை அந்தக் கட்டியைக் கீறிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். முதல் முறை ஒரு கண் முகாமில், அடுத்த முறை சமவெளியில் ஒரு கிளினிக்கில். இரண்டு சீட்டிலும் கலேசியான் என்று எழுதியிருந்தது. இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு வீங்குவதைத்தான் அப்படிச் சொல்வோம். சொட்டு மருந்து, வெந்நீர் ஒத்தடம், களிம்பு எல்லாம் முறையாகக் கொடுத்திருந்தார்கள். எடுத்த சதையை மட்டும் எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை. சில மாதத்தில் அதே இடத்தில், அதே மாதிரி, மறுபடி வந்துவிட்டது.

முதல் முறை கீறியவரை நான் குறை சொல்ல மாட்டேன். கலேசியான் அத்தனை சாதாரணமான விஷயம். இரண்டாம் முறை நிலைமை வேறு. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு, ஒருமுறை சுத்தமாக எடுத்த இடத்திலேயே கட்டி திரும்பி வந்தால், அதைக் கலேசியான் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. எடுத்த சதை குப்பைத் தொட்டிக்குப் போகாமல், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போக வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. முகாமிலேயே ஒரு சின்னப் பாட்டிலும் மூடிமேல் ஒட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருந்தால் போதும்.

ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தேன். மேல் இமையின் நடுப்பகுதியில் 9 மில்லிமீட்டர் அளவில் கெட்டியான கட்டி. மேல்தோல் அதன்மீது நகர்ந்தது. இமையைப் புரட்டினால் உள்பக்கம் உறைந்த நெய்யின் மஞ்சள். கட்டிக்கு நேராக இமை விளிம்பில் ஒரு முடிகூட இல்லை. இரண்டு பக்கமும் முடி அடர்த்தியாக இருந்தது. இந்த முடி உதிர்வு முக்கியம். சாதாரணக் கலேசியான் இமை முடியின் வேரைத் தின்பதில்லை, புற்று தின்னும். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறிக்கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை.

முகம் முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தபோது மூக்கின் வலது பக்கம் இன்னொன்று இருந்தது. நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். மஞ்சள் கலந்த தோல் நிறம், நடுவில் லேசான குழி.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“அது பருங்க டாக்டரம்மா. மூணு வருஷமா அப்படியேதான் இருக்கு.”

47 வயதில் மூன்று வருடம் அசையாமல் நிற்கும் பரு கிடையாது. கண்ணைக் காட்ட வந்தவரிடம் மூக்கையும் சேர்த்து ஆபரேஷன் என்றதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு சரி என்றார்.

சதைப் பரிசோதனை சொன்னது

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் இமையின் முழுத் தடிமனிலும் ஒரு சிறு ஆப்பு எடுத்து அனுப்பினார்கள். மூக்கிலிருந்ததை முழுமையாக வெட்டி எடுத்தார்கள். பத்து நாளில் இரண்டு ரிப்போர்ட்டும் வந்தன. இமையில் இருந்தது செபேசியஸ் கார்சினோமா, அதாவது தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் பிறக்கும் புற்று. மூக்கில் இருந்தது செபேசியஸ் அடினோமா. அதே சுரப்பியில் வருவது, ஆனால் புற்று இல்லை.

உடம்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால் செபேசியஸ் கார்சினோமா அரிய புற்று. இமையில் மட்டும் கணக்கு மாறும். மேல் இமையில் எண்ணெய்ச் சுரப்பிகள் கீழ் இமையைவிட அதிகம், அதனால் அங்கேதான் கூடுதலாக வருகிறது. மேலை நாடுகளில் இமைப் புற்றில் பெரும்பங்கு பேசல் செல் வகை, அதாவது மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் புற்று. செபேசியஸ் வகை அங்கே சொற்பம். நம் நாட்டில் அப்படியில்லை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2019இல் வெளியிட்ட, ஐந்நூறுக்கும் மேற்பட்ட இமைப் புற்று நோயாளிகளின் கணக்கில் பாதிக்கும் சற்று மேல் செபேசியஸ் கார்சினோமாதான். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு இதை அரியது என்று ஒதுக்கினால் நம் ஊரில் ஆளை இழப்போம். அது கலேசியான் வேடத்தில் வரும். இல்லையென்றால் ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் தீராத சிவப்பாக, சொட்டு மருந்துக்கு அடங்காத கண்வலியாக வரும். இமைத்தோலுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பரவும் குணமும் அதற்கு உண்டு.

பரவலைப் பார்க்க வெண்படலத்தில் பல இடங்களில் சிறு சிறு துணுக்கெடுத்தார்கள், எல்லாம் சுத்தம். கழுத்து ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. பிறகு கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து வெட்டி, ஓரங்களை ஆபரேஷன் மேஜையில் இருக்கும்போதே உறையவைத்துச் சோதித்து, புற்று மிச்சமில்லை என்று உறுதியான பிறகே இமையைக் கட்டினார்கள். மேல் இமையில் பாதிக்கு மேல் போய்விட்டதால் கீழ் இமையிலிருந்து திசு எடுத்து மேலே தைத்தார்கள். கட்லர்-பியர்ட் முறை என்று பெயர். அதில் கண் ஆறேழு வாரம் மூடியே இருக்கும், அப்புறம் இரண்டாவது ஆபரேஷனில் திறப்பார்கள். ஒற்றைக் கண்ணோடு சரிவில் இறங்கி இலை பறிக்க முடியாது. அந்த இரண்டு மாதக் கூலி போனது. ஆபரேஷன் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது, கூலியை ஏற்க எதுவும் இல்லை.

பல இடங்களில் நோய்க் குறிப்பு இதோடு முடிந்துவிடும். புற்று போயிற்று, ஓரம் சுத்தம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவும். ஆனால் மூக்கிலிருந்த அந்த அடினோமா என்னை விடவில்லை.

அண்ணி சொன்ன கதை

ஒரே ஆளுக்கு இரண்டு செபேசியஸ் கட்டிகள், அதுவும் அறுபது வயதுக்குள். இது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். இப்படி வந்தால் குடும்பத்தில் வேறு யாருக்கு என்ன புற்று வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். இதற்கு அமெரிக்காவின் மேயோ கிளினிக் வகுத்த எளிய மதிப்பெண் முறை ஒன்று உண்டு. முதல் கட்டி அறுபதுக்குள் வந்திருந்தால் 1, கட்டிகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 2, நோயாளிக்கே குடல் அல்லது கருப்பைப் புற்று வந்திருந்தால் 1, குடும்பத்தில் வந்திருந்தால் 1. கூட்டினால் 2 வந்தாலே மேலே சோதிக்க வேண்டும். குடும்பக் கதையைக் கேட்பதற்கு முன்பே இவருக்கு 3.

அவரிடம் கேட்டால் அதிகம் தெரியவில்லை. “அப்பா வயித்துல கட்டி வந்து தவறிட்டாரு, நான் அப்ப ஸ்கூல் போயிட்டிருந்தேன்” என்றார். கூட வந்திருந்த அண்ணிக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த வருடமே மாமனாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி மாற்றிப் பார்த்துக்கொண்டவர் அவர்.

“மோஷன்ல ரத்தமா போகும். மூலம்னு நெனச்சு நாட்டு மருந்துதான் குடுத்தோம். ஆள் பாதியா எளைச்சிட்டாரு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப நாள் கடந்துபோச்சு. அவருக்கு அப்ப நாப்பத்தெட்டு வயசுங்க.”

“அவரோட கூடப் பிறந்தவங்க?”

“ஒரு அக்கா, இவங்களுக்கு அத்தை. மாசம் படறது நின்னு மூணு வருஷம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சிருச்சு. வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. அம்பத்திரண்டு வயசுல போயிட்டாங்க. மூத்தவரு ஒருத்தர் சிலோன்லயே தங்கிட்டாரு. அவருக்குக் கண்டியில ரெண்டு தடவ குடல் ஆபரேஷன்.”

இந்தக் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி மலையகத் தோட்டங்களிலிருந்து பல லட்சம் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கங்களில் தேயிலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். பல வீடுகளில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்துபோனது. மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரையவேண்டிய மருத்துவருக்கு இந்தப் பிரிவு பெரிய தடை. பாதிக் குடும்பத்தின் நோய் இன்னொரு நாட்டின் பதிவேட்டில் கிடக்கிறது.

அண்ணி அன்று இரவே இலங்கையில் ஹட்டனில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு வாட்ஸப்பில் பேசினார். இரண்டு நாளில் பெரியப்பாவின் பழைய கிளினிக் கொப்பியின் பக்கங்கள் போட்டோவாக வந்தன. நனைந்து மை பரவியிருந்தாலும் இரண்டு வரி தெளிவாக இருந்தது. 41 வயதில் வலது பக்கப் பெருங்குடல் புற்றுக்கு ஒரு ஆபரேஷன். 55இல் இடது பக்கம் புதிதாக இன்னொரு புற்று, இரண்டாவது ஆபரேஷன். அவர் 66 வயதுவரை இருந்தார்.

சீட்டின் பின்பக்கம் வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே மை. புற்று பரம்பரையாக வருகிறதா என்று கணிக்க ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் என்று ஒன்றைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறோம்: குடல், கருப்பை போன்ற புற்று வந்த நெருங்கிய உறவினர் மூன்று பேர், இரண்டு தலைமுறை, ஒருவருக்காவது ஐம்பது வயதுக்கு முன். அப்பா, அத்தை, பெரியப்பா என்று அந்தத் தலைமுறையிலேயே மூன்று பேர். அடுத்த தலைமுறையில் இவர் இமையோடு என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவரிடம் ஒரு தையல்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லாரும் குடல் புற்றிலோ கருப்பைப் புற்றிலோதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன் என்று சொன்னார். அவர் சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தை விடாமல் தேடி 1913இல் எழுதினார். ஹென்றி லிஞ்ச் 1966இல் இப்படிப்பட்ட இரண்டு குடும்பங்களைப் பற்றி வெளியிட்டார். இன்று இந்தப் பரம்பரை நோய்க்கு அவர் பெயர்தான், லிஞ்ச் சிண்ட்ரோம். செபேசியஸ் கட்டிகளும் உள்ளுறுப்புப் புற்றும் ஒரே ஆளுக்கு வருவதை 1967இல் மூயரும் 1968இல் டோரேயும் தனித்தனியாக எழுதினார்கள். மூயர்-டோரே என்று அழைக்கப்படும் அது லிஞ்ச் சிண்ட்ரோமின் ஒரு முகம் என்பது பின்னால்தான் புரிந்தது. இத்தனைக்கும் தொடக்கம் ஒரு பெண் தன் வீட்டுச் சாவுகளை எண்ணிவைத்திருந்ததுதான். எங்கள் நோயாளியின் அண்ணியும் எண்ணித்தான் வைத்திருந்தார். அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை.

மரபணு, முதல் ரிப்போர்ட், இரண்டாவது ரிப்போர்ட்

செல் பிரியும்போது அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. நகலில் விழும் பிழைகளைத் திருத்த நான்கு முக்கியமான புரதங்கள் இருக்கின்றன. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்பவை. எம்.எஸ்.எச்.2வுக்கு ஜோடி எம்.எஸ்.எச்.6, எம்.எல்.எச்.1க்கு ஜோடி பி.எம்.எஸ்.2. இவற்றுக்கான மரபணுக்களில் ஒன்று பிறப்பிலேயே பழுதாக இருந்தால் அது லிஞ்ச். நல்ல பிரதி இன்னொன்று இருப்பதால் பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. குடலிலோ கருப்பையிலோ தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலோ ஏதாவது ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால் பிழைகள் குவியத் தொடங்கும்.

கோயம்புத்தூர் ஆய்வகத்தில் கட்டியின் சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டை பத்திரமாக இருந்தது. அதிலிருந்து சீவல் எடுத்து நான்கு புரதத்துக்கும் சாயமேற்றிப் பார்த்தார்கள். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் இருந்தன. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லை. ஜோடியாக இரண்டும் காணாமல் போனால் பழுது பெரும்பாலும் எம்.எஸ்.எச்.2வில்தான், அது இல்லாமல் எம்.எஸ்.எச்.6 நிலைத்து நிற்காது. மூக்கு அடினோமாவிலும் இதே விடை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இமையில் செபேசியஸ் கார்சினோமா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு லிஞ்ச் இருக்காது. கண்ணைச் சுற்றி வரும் கட்டிகளைவிட மற்ற இடத்துத் தோலில் வரும் செபேசியஸ் கட்டிகள்தான் இந்தப் பரம்பரையை அதிகம் காட்டிக்கொடுக்கும். கட்டியில் புரதம் இல்லை என்பதும் பரம்பரைக்கு முழுச் சாட்சி ஆகாது, கட்டிக்குள் மட்டும் நடந்த பழுதாகவும் இருக்கலாம். ரத்தத்தில் பார்த்தால்தான் உறுதி. அதனால் இமையில் கட்டி உள்ள யாரும் இதைப் படித்துவிட்டுக் குடலைப் பற்றி நடுங்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகம் கேட்ட தொகை அவருடைய ஒன்றரை மாதக் கூலி. ஊரில் ஒரு அறக்கட்டளை பாதி கொடுத்தது. மீதியை அண்ணன் போட்டார். நான்கு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது: பாதிப்பு எதுவும் காணப்படவில்லை.

குடும்பமே நிம்மதி அடைந்தது. எனக்கு நிம்மதி வரவில்லை. கட்டி ஒன்று சொல்கிறது, ரத்தம் இன்னொன்று சொல்கிறது, குடும்ப வரைபடம் கட்டியின் பக்கம் நிற்கிறது. எம்.எஸ்.எச்.2வில் எழுத்துப் பிழை மட்டும் வருவதில்லை. மரபணுவில் ஒரு பெரிய துண்டே காணாமல் போவதும் அடிக்கடி நடக்கும். எழுத்தெழுத்தாக வாசிக்கும் சோதனை அந்த ஓட்டையைத் தாண்டிப் போய்விடலாம், ஏனென்றால் நல்ல பிரதி வாசிக்கக் கிடைக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கையை அளக்க எம்.எல்.பி.ஏ. என்ற தனிச் சோதனை இருக்கிறது. பக்கத்திலுள்ள எப்கேம் என்ற மரபணுவின் வால் பகுதி விடுபட்டாலும் எம்.எஸ்.எச்.2 வாயடைத்துப் போகும், அதையும் அது காட்டும். ஆய்வகத்தாரிடம் போனில் பேசி, கட்டியின் ரிப்போர்ட்டையும் அனுப்பி, மிச்சமிருந்த ரத்தத்திலேயே அதைச் செய்யக் கேட்டேன். எம்.எஸ்.எச்.2வின் ஒரு பகுதி ஒரு பிரதியில் அப்படியே இல்லை என்று விடை வந்தது.

மரபணு ரிப்போர்ட்டைப் படிக்கும் மருத்துவர்கள் அதில் என்ன வகைச் சோதனை செய்யப்பட்டது என்ற வரியையும் படிக்க வேண்டும். ‘எதுவும் இல்லை’ என்ற இரண்டு சொல்லை நம்பி இந்தக் குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அண்ணன் இன்று இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

தோல் காட்டிக்கொடுக்கும் பரம்பரை நோய் இது ஒன்று மட்டும் இல்லை. சின்ன வயதிலேயே முகத்தில் பேசல் செல் புற்று பலவும், தாடையெலும்பில் நீர்க்கட்டியும் வந்தால் கோர்லின் சிண்ட்ரோம். மூக்கையும் கன்னத்தையும் சுற்றி வெள்ளைப் புள்ளிப் புடைப்புகளும் அடிக்கடி நுரையீரல் கிழிந்து காற்று கசிவதும் சேர்ந்து வந்தால் பெர்ட்-ஹாக்-டூபே, அதில் சிறுநீரகப் புற்று வரலாம். வெயில் பட்டாலே வெந்து, குழந்தைப் பருவத்திலேயே கரும்புள்ளி அப்பி, புற்றும் வந்தால் சீரோடெர்மா பிக்மென்டோசம். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதல். உயரம் கூடக்கூட வெயிலின் புறஊதாக் கதிர் கூடுவதால் மலையில் இந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இன்னும் இறுக்கமாக வேண்டும்.

கொலோனாஸ்கோப்பிக்குப் போவது எப்படி

எம்.எஸ்.எச்.2 பழுதோடு பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை வாழ்நாளில் பெருங்குடல் புற்றைச் சந்திக்கிறார்கள். பெண்களுக்குக் கருப்பைப் புற்றின் அபாயமும் கிட்டத்தட்ட அதே அளவு. சிறுநீர்ப் பாதை, இரைப்பை, சினைப்பை என்று இன்னும் சில உண்டு. இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “அப்ப என்ன செய்யணும்?”

செய்ய நிறைய இருக்கிறது. இருபது, இருபத்தைந்து வயதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனாஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்பக்கத்தைப் பார்ப்பது. குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியைப் பாலிப் என்போம். புற்றாக மாறுவதற்கு முன்னாலேயே அதைக் கண்டு அகற்றிவிடலாம். லிஞ்ச் உள்ளவர்களுக்குப் பாலிப் புற்றாக மாறும் வேகம் மற்றவர்களைவிட அதிகம், அதனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ற பொது அட்டவணை இவர்களுக்குப் பொருந்தாது. நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுக்குத்தான் பரிசோதனை. குடல் அதில் இல்லை. இந்தக் குடும்பம் தானாக எந்த வலையிலும் சிக்காது. நாம்தான் தேடிப் போக வேண்டும்.

முதல் அப்பாயிண்ட்மென்ட் சீட்டில் இருந்தது இதுதான்: முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிப் பாதி, விடியற்காலை நான்கு மணிக்கு மீதி, காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருக்கவும். கோயம்புத்தூர் நகரத்தில் அட்டாச்டு பாத்ரூம் உள்ள வீட்டில் இருப்பவருக்கு அது சரி. இவர் இருப்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. கக்கூஸ் வரிசையின் கடைசியில், விளக்கில்லாத இடத்தில். கோத்தகிரிப் பக்கம் ராத்திரியில் கரடி தேயிலைக்குள் சர்வசாதாரணமாக நடமாடும். காட்டுமாடு லைன் வாசலில் வந்து நிற்கும். பேதி மருந்து குடித்துவிட்டு ராத்திரி பத்து தடவை அந்த இருட்டுக்குள் போய்வருவது முடிகிற காரியமா? அதன்பிறகு விடிகாலையில் மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை வளைவுகளில் பஸ். பஸ்ஸில் எங்கே இறங்குவது?

அவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. போகாமலே இருந்துவிட்டார். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று சுலபமாக எழுதிவிடலாம். அண்ணியிடம் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முந்தின நாள் மதியமே கோயம்புத்தூரில் அட்மிஷன் போட்டு, வார்டில் வைத்து மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தோம். ஒரு இரவுப் படுக்கை, அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கொலோனாஸ்கோப்பியும் அப்படித்தான் நடக்கின்றன. மலையிலிருந்து வருபவர்களுக்கு இதை வழக்கமாகவே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவருடைய குடலில் வலது பக்கம் 12 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது. அங்கேயே எடுத்தார்கள். செல்கள் நன்றாகவே மாறத் தொடங்கியிருந்தன, ஆனால் புற்றாகவில்லை. கருப்பை உள்சுவர் பயாப்ஸி சுத்தம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பதால் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது பற்றிப் பேசினோம். கிராமத்தில் தேவையே இல்லாமல் கருப்பையை எடுக்கும் ஆபரேஷன்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதனால் இந்தப் பேச்சை நான் லேசாக எடுப்பதில்லை. இவருக்கு அது தேவை. சில மாதம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆஸ்பிரினும் தொடங்கினோம். லிஞ்ச் உள்ள 861 பேரிடம் நடந்த சோதனையில் தினசரி 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் குடல் புற்று கணிசமாகக் குறைந்தது. வயிற்றுப்புண் பயத்தால் இவருக்குக் குறைந்த அளவே கொடுக்கிறோம்.

அண்ணன், பிள்ளைகள், ஹட்டன்

இந்தப் பழுது பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வரும். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. எங்கே பழுது என்று தெரிந்துவிட்டதால் உறவினர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு வெகுவாகக் குறையும்.

அண்ணனுக்கு 56 வயது. ஒரு வருடமாக ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தார், ரத்த அளவு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மாதவிடாய் இல்லாத ஆணுக்கு இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கோ கசிகிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். அவருக்கும் பழுது இருந்தது. கொலோனாஸ்கோப்பியில் பெருங்குடல் தொடங்கும் இடத்திலேயே புற்று. வலது பாதியை எடுத்தார்கள். நெறிக்கட்டிகளில் பரவவில்லை, இரண்டாம் நிலை. இந்த வகைக் கட்டிக்கு இரண்டாம் நிலையில் வழக்கமான கீமோவால் பலன் இல்லை என்பதால் கொடுக்கவில்லை. இப்போது வேலைக்குப் போகிறார். வருடம் ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கிறோம்.

அடுத்தது கல்யாணப் பேச்சு. நோயாளியின் மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அண்ணன் மகன் கோத்தகிரியில் ஜீப் ஓட்டுகிறான். முறைப் பையன். சின்ன வயதிலிருந்தே இரு வீட்டிலும் பேசிவைத்தது. என்னிடம் இதைச் சொன்னதும் அண்ணிதான், அதுவும் தயங்கித் தயங்கி.

இருவருக்கும் பழுது இருந்து அவர்கள் கல்யாணம் செய்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாக வரும். அது லிஞ்ச் இல்லை, அதைவிடக் கொடியது. தோலில் காப்பிநிறத் திட்டுகள் தெரியும், மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று எல்லாம் பள்ளிக்கூட வயதிலேயே வரும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இன்றும் நடக்கும் நம் ஊரில் லிஞ்ச் குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்தால் இந்தப் பேச்சைத் தவிர்க்கவே கூடாது. அதே சமயம் அந்தக் கல்யாணத்தை நடத்தவோ நிறுத்தவோ மருத்துவருக்கு உரிமை இல்லை. இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினேன். பெற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னேன். சோதனை செய்வதா வேண்டாமா, விடையை யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

இருவரும் செய்துகொண்டார்கள். மகளுக்குப் பழுது இல்லை. அண்ணன் மகனுக்கு இருக்கிறது. ஆக, அந்தக் கொடிய நிலைக்கு வாய்ப்பே இல்லை. பிறக்கும் பிள்ளைக்குப் பாதி வாய்ப்பில் லிஞ்ச் வரலாம், அதைக் கவனிக்க வழி இருக்கிறது. ரிப்போர்ட் வந்த அன்று மகள் அழுதாள். தனக்கு இல்லை, அவனுக்கு இருக்கிறது என்பதற்காக. படிப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று அவளே வீட்டில் சொல்லிவிட்டாள். பையன் முதல் கொலோனாஸ்கோப்பியை முடித்துவிட்டான், சுத்தம்.

ஹட்டனில் பெரியப்பாவின் பிள்ளைகள் நால்வர். ரிப்போர்ட்டையும் தமிழில் ஒரு பக்கக் கடிதத்தையும் அண்ணன் கையெழுத்தோடு அனுப்பினோம். அங்குள்ள மருத்துவர் படிக்க ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தனியாக. இன்னொரு நாட்டில் இருக்கும் ஆளை நான் நேரடியாகக் கூப்பிடுவது முறையில்லை. குடும்பத்தார் மூலமாகத்தான் போக வேண்டும், அதுவும் அவர்கள் விரும்பினால். மூத்த மகள் கண்டியில் காட்டியிருக்கிறார், குடல் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் பதில் சொல்லவில்லை. கடைசிப் பையன் மாதம் ஒருமுறை வாட்ஸப்பில் சந்தேகம் கேட்கிறார்.

நோயாளிக்கு இமையில் இதுவரை திரும்ப வரவில்லை. போன வருடம் முதுகில் இன்னொரு அடினோமா வந்தது, எடுத்துவிட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமுதல் கால்வரை தோலைப் பார்க்கிறோம், அடுத்த கொலோனாஸ்கோப்பி தை மாதம். புது இமை முழுதாக மூடுவதில்லை என்பதால் ராத்திரி களிம்பு போட்டுக்கொள்கிறார். பகலில் இலை பறிக்கிறார்.

அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், 24 வயது. இரண்டு வருடமாக எந்தச் சோதனையும் வேண்டாம் என்று சொல்லிவந்தான். கட்டாயப்படுத்தவில்லை, நினைத்தபோது வரட்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினேன். போன வாரம் மாமியிடம் போனில், அந்த ரத்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். தேதி இன்னும் சொல்லவில்லை.